சமரகோபன் என்னும் எறும்பு

சாளூர் நாட்டை ஒரே பகலில் நடந்து கடந்துவிடலாம். அதன் மன்னர் சமரகோபனின் கோபத்தைக் கடப்பதுதான் கஷ்டம். மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் தண்டனை. இரண்டுக்கும் நடுவே யோசனைக்கு இடமே இருக்காது.

ஒருநாள் அவருடைய அதிரசத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தது. கடுகில் பாதிதான் இருக்கும். தட்டிவிட்டுத் தின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரோ சபையைப் பார்த்து, “இது என்ன எறும்பு?” என்று கேட்டுவிட்டார்.

கட்டெறும்பு என்றார் சேனாதிபதி. கட்டெறும்பின் தலை அளவுகூட இது இல்லையே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளையார் எறும்பு என்றார் மந்திரி. பிள்ளையார் எறும்பு கடிக்காது. இது மந்திரியின் விரலிலேயே கடித்துத் தன் கட்சியைச் சொல்லிவிட்டது. கடைசியில் அவைப் பண்டிதர் வாகீசர் அதை ஒரு சிமிழில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். படிகக்கல்லை வைத்துப் பெரிதாக்கி எறும்பின் மீசையை அளந்தார், இடுப்பிலுள்ள முடிச்சை எண்ணினார். இருபதாம் நாள் சிமிழோடு சபைக்கு வந்து, இது உலகத்தில் எவரும் காணாத புது இனம் என்றார். உருவம் சிறிது, வீரம் பெரிது, ஆகையால் இதன் பெயர் இனிச் ‘சமரகோபன்’ என்றார்.

எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள். இந்த எறும்புக்கு அரசர் பெயரே கிடைத்துவிட்டது. மன்னர் நெய்யாக உருகிப் பண்டிதருக்குப் பொன்னாடை போர்த்தினார். தெருத்தெருவாகப் பறையடித்துப் பெயரை அறிவித்தார்கள். சபையில் விகடம் சொல்லிப் பிழைத்துவந்த குழைக்காதனுக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. நாளுக்கு நூறு தடவை நசுக்கப்படும் ஜந்துவுக்கு ராஜாவின் பெயரா? நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டான்.

அந்த வம்பு மூன்றாம் நாளே வந்தது. மடைப்பள்ளியின் தலைமைச் சமையல்காரன் சங்குமுத்து, நெய்ச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வேலைக்காரப் பெண்ணிடம் உரக்கச் சொன்னான்: “ஏ புள்ள, சமரகோபன் நெய்யில விழுந்து கெடக்கான். தூக்கி வெளிய வீசு. இன்னொருக்க வந்தான்னா வெந்நிய ஊத்து.”

சன்னலுக்கு வெளியே நின்ற காவலன் காதில் இது விழுந்தது. உச்சிப்பொழுதுக்குள் சங்குமுத்து விலங்கோடு சபையில் நின்றான். அவன் தலையை வாங்கச் சொல்லி மன்னர் ஆணையிட்டார்.

“மகாராசா, நான் எறும்பத்தான் சொன்னேன்” என்று அழுதான் சங்குமுத்து.

மன்னர் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். எறும்பு வேறு, அரசர் வேறு என்று சொன்னால் தாம் வைத்த பெயருக்கு என்ன மதிப்பு? “பெயர் வேறு, ஆள் வேறு அல்ல, மன்னா. பெயருக்குச் செய்தது ஆளுக்குச் செய்ததுதான்” என்றார்.

பன்னிரண்டு வருஷம் சங்குமுத்துவின் கையால் சாப்பிட்டவன் குழைக்காதன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டான். பிறகு எழுந்து போய்க் கும்பிட்டான்.

“பண்டிதர் சொன்னதே சட்டம், மன்னா. இவன் தலையை வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு திருட்டு வழக்கு இருக்கிறது. திருடனையும் சேர்த்தே தண்டித்துவிடலாம்.”

“என்ன திருட்டு?”

“கடைத்தெரு வெல்ல வியாபாரி வீட்டில் நேற்று ஒருவன் தன் கூட்டத்தோடு சுவரேறி வந்து, உறியில் இருந்த வெல்லத்தைத் தின்றிருக்கிறான். போகிற வழியில் தூங்கிக்கொண்டிருந்த கிழவரைத் தொடையில் கடித்தும் இருக்கிறான். பார்த்த சாட்சிகள் ஏழு பேர் வாசலில் நிற்கிறார்கள்.”

மன்னருக்கு மீசை துடித்தது. என் நாட்டில் இப்படி ஓர் அயோக்கியனா, யாராக இருந்தாலும் கையை வெட்டுவேன், பெயரைச் சொல் என்று சிங்காசனத்தை விட்டு எழுந்தார்.

“சமரகோபன்” என்றான் குழைக்காதன்.

மன்னரின் கை வாளுக்குப் போனது. குழைக்காதன் பண்டிதர் பக்கம் திரும்பி, “பெயர் வேறு, ஆள் வேறு இல்லையே, பண்டிதரே?” என்று பணிவாகக் கேட்டான்.

“அட மூடா, வெல்லம் தின்றது எறும்பு! நானா தின்றேன்?” என்று மன்னர் கத்தினார்.

“அதைத்தான் மன்னா, சங்குமுத்துவும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.”

மன்னர் வாளை விட்டார். சங்குமுத்துவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், உட்கார்ந்தார். விலங்கை அவிழ்க்கச் சொன்னார். ஆனாலும் ஒரு சந்தேகம் அவரை அரித்தது.

“எத்தனையோ பெயர் இருக்க, இந்தப் பண்டிதர் ஏன் என் பெயரைப் பிடித்து இதற்கு வைத்தார்?”

“இது புது இனமே இல்லை, மன்னா. மடைப்பள்ளியில் தலைமுறையாகத் திரிகிற எறும்பு. அழைக்காமலே வரும். இனிப்பு இருக்கும்வரை இடத்தை விட்டு நகராது. பானை காலியானால் தலைகாட்டாது. அதனால் மடைப்பள்ளிக்காரர்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். போன மாதம் அது பண்டிதர் காதில் விழுந்துவிட்டது. அதை அழிக்க வேண்டுமானால் அதைவிடப் பெரிய பெயர் ஒன்று வேண்டாமா?”

“அப்படி என்ன பெயர்?”

சங்குமுத்து தலையைக் குனிந்துகொண்டான். குழைக்காதன்தான் சொன்னான்:

“வாகீசன்.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பழைய பெயரே நிலைக்கட்டும் என்று அன்று மாலையே மறுபடி பறையடிக்கச் சொன்னார்.