பாறை மறுத்த தண்ணீர்

அது ஆனி மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. வானத்தில் துண்டு மேகமும் இல்லை. மேல்காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பாறைகளுக்கும் விலங்குகளுக்கும் பேச்சு உண்டு. மனிதர்கள் அதைக் கேட்டு மறுமொழி கூறுவதும் உண்டு.

ஊருக்கு மேற்கே தனித்துக் கிடந்தது கூகைப்பாறை. அதன் உச்சியில் ஒரு சுனை இருந்தது. பல ஆண்டுகளாக மழை பொய்த்திருந்தமையால், சுற்றிலும் வாழ்ந்த உயிர்கள் அனைத்தும் அச்சுனையையே நம்பியிருந்தன.

கோட்டை வாயிலின்மேல் உத்தரமாக வைப்பதற்கு நீண்ட ஒற்றைக் கல்லைத் தேடி, அரசனின் அதிகாரி செண்டன் குதிரையேறி வீரர்களுடன் அங்கு வந்தான். கல் உடைக்கும் கூட்டத்தின் தலைவி வெள்ளைச்சியை அழைத்து, சுனைக்குச் சற்றுக் கீழே காவி தோய்த்த நூலால் கோடு இடச் சொன்னான்.

"ஐயா, இந்தக் கோட்டில் பிளந்தால் சுனை வடிந்துபோகும். சற்றுத் தள்ளிப் பிளப்போம்" என்றாள் அவள்.

"தள்ளினால் கல் குட்டையாகும். வேலையைப் பார்."

"உளி படுமுன் பாறைக்கு ஒரு கை நீர் வார்த்து அனுமதி கேட்பது எங்கள் வழக்கம். அதற்காவது விடுங்கள்."

செண்டன் சிரித்தான். "ஆணை அரசனுடையது, உளி உன்னுடையது. இடையில் கல்லுக்கு என்ன வேலை?"

தன் கூட்டத்தாரின் பிழைப்பை எண்ணி வெள்ளைச்சி அடங்கினாள். கேளாமலே உளி பாறையில் இறங்கியது. கோட்டின்மீது சதுரக் குழிகள் வரிசையாக விழுந்தன. ஒவ்வொன்றிலும் காய்ந்த மர ஆப்பை அறைந்தார்கள். இனி ஆப்புகளின்மேல் நீர் ஊற்ற வேண்டியதுதான். நனைந்த மரம் உப்பும், பாறை பிளக்கும். வெள்ளைச்சி குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்கு ஏறினாள்.

சுனையின் விளிம்பில் ஓர் உடும்பு படுத்திருந்தது. "வா, தாயே! எங்கள் வீட்டை இடிக்க எங்கள் வீட்டிலேயே தண்ணீரா?" என்றது.

"வாயை மூடு! உன்னைக் குழம்பு வைத்துவிடுவேன்" என்று கீழிருந்து கத்தினான் செண்டன்.

"முதலில் என்னைப் பாறையிலிருந்து பெயர்த்துக் காட்டுங்கள், ஐயா. குழம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

வீரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பொழுது பாறை பேசியது.

"வெள்ளைச்சி, காலையில் உன் கூட்டம் குடித்தது, கொடுத்தேன். இவனுடைய குதிரை குடித்தது; அதற்கும் கொடுத்தேன். குடிக்கக் கேள், இன்னமும் தருகிறேன். என்னைப் பிளக்கக் கேட்டால் ஒரு சொட்டும் தரமாட்டேன்."

வெள்ளைச்சி நிமிர்ந்து நின்றாள். "தொடக்கத்திலேயே உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்று பாறையிடம் சொல்லிவிட்டு, அதிகாரியைப் பார்த்தாள். "நான் ஊற்றமாட்டேன்."

"உன் வலக்கையை வெட்டிவிடுவேன்!"

"வெட்டுங்கள். பிறகு வாயிற்கல்லை யார் செதுக்குவார்? நீங்களா?"

சொன்னவள் குடத்தைப் பாறைமேல் ஓங்கி எறிந்தாள். அது சில்லுச்சில்லாகச் சிதறியது. அவள் கூட்டத்தார் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் சம்மட்டிகளைக் கீழே போட்டார்கள்.

செண்டன் தானே ஓடிவந்து, தோற்பையைச் சுனைக்குள் அமிழ்த்தினான். நீர் சரசரவெனப் பாறைக்குள் இறங்கிற்று. பையில் வந்தது வெறும் காற்று. "வீரர்களே, வாருங்கள்!" என்று கூவினான். காலையில் அச்சுனையில் தாகம் தீர்த்தவர்கள் அவர்கள், ஒருவரும் அசையவில்லை.

அதன்பின் நடந்தது இது. செண்டன் தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து வண்டிகளில் நீர் வரவழைத்தான். வழியிலேயே மாடுகளும் வண்டிக்காரர்களும் பெரும்பகுதியைக் குடித்துவிட்டார்கள். எஞ்சியதை ஆப்புகள் நனையுமுன் வெயில் உறிஞ்சியது. கோட்டை வாயிலுக்கு மரத்தாலேயே உத்தரம் வைத்தார்கள். வெள்ளைச்சியின் கூட்டம் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டுத் தெற்கே சென்று, வேறு பாறைகளில், அனுமதி கேட்டே கல் உடைத்துப் பிழைத்தது. எல்லாரும் பாறையைவிட்டுப் போன மறுநாள் சுனையில் நீர் மேலேறியது. ஆப்புகளைக் கறையான் தின்றது. அடுத்த மழையில் அக்குழிகள் நிரம்பின. கவுதாரிகள் வந்து அவற்றில் குடித்தன.

சிற்றூர்ப் பாறைகளில் சதுரக் குழிகள் வரிசையாக இருந்தும் பாறை பிளவாமல் கிடப்பது அன்று தொடங்கியதுதான். அத்தகைய வரிசையைக் காணும் கல்லுடைப்போர் இன்றும் அதில் இன்னொரு குழி வெட்டுவதில்லை.