வெள்ளைச் சட்டை

ஆசான் நல்லமாடனின் சிலம்பக் கூடத்தில் எல்லாருக்கும் கறுப்புச் சீருடை. போட்டி நாளில் கம்பு முனைகளைச் சுண்ணாம்புப் பொடியில் தோய்ப்பார்கள். கம்பு மேலே பட்டால் கறுப்புத் துணியில் வெள்ளைப் பொட்டு விழும். பொட்டு விழுந்தவர் தோற்றவர்.

இந்த முறை வெல்பவர்தான் அம்மன் கோயில் கொடைவிழாவில் ஆசானின் கம்பைச் சுற்றிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் போக வேண்டும்.

முந்தின நாள் ஆசான் சொன்னார்: “நாளைக்குச் சீருடை வேண்டாம். கடைத்தெருவுக்குப் போற உடுப்பிலயே வாங்க.”

கூடமே கூச்சலிட்டது. ஒருவன் கம்பை மேலே எறிந்து பிடித்தான்.

தணிகைவேல் மட்டும் கேட்டான்: “பொட்டு விழுந்தா உங்களுக்கு எப்படித் தெரியும், ஆசானே?”

“ஆடித்தான் பாப்பமே.”

மறுநாள் கட்டம் போட்ட கைலி, கிளிப்பச்சைப் பனியன், கல்யாணச் சட்டை என்று கூடம் சந்தைபோல் இருந்தது. தணிகை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தான்.

“என்ன மாப்ளே, பொண்ணு பாக்கவா?”

“கம்பெடுத்தா தெரியும்ல!”

கடைசி ஆட்டம் தணிகைக்கும் பூரணிக்கும். பூரணி பச்சைச் சுடிதாரில் நின்றாள். அது முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள்.

மேளம் முழங்கியது. கம்புகள் சடசடவென்று மோதின.

“விடாத பூரணி!”

“குனி தணிகை, குனி!”

அவன் குனிவதற்குள் பூரணியின் கம்பு முனை விலாவை உரசிப் போயிற்று. சுரீரென்றது.

“பட்டுச்சா?” கூட்டம் எட்டிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையில் ஒன்றும் தெரியவில்லை.

“இல்ல, இல்ல! நீ வா!” என்றான் தணிகை.

மறுபடி பாய்ந்தார்கள். புழுதி எழும்பியது. திடீரென்று பூரணி கம்பைத் தாழ்த்தினாள்.

“என் மேல பட்டுட்டு, ஆசானே.”

“எங்க? ஒண்ணும் தெரியலியே!” என்றது கூட்டம்.

தோளில் இருந்த பூக்களுக்கு நடுவே ஓர் இடத்தை அவள் விரலால் தட்டினாள். பொடி உதிர்ந்தது.

அவ்வளவுதான், தணிகையைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேளக்காரர் துள்ளித் துள்ளி அடித்தார்.

“ஏல, இறக்குங்கல! ஆசான் வாராரு!”

ஆசான் தம் கம்போடு வந்தார். தணிகை இரண்டு கைகளையும் நீட்டினான். அவர் கம்பை அவன் கையில் கொடுக்கவில்லை. அவனுக்கும் பூரணிக்கும் நடுவே தரையில் வைத்தார்.

“என்ன ஆசானே?”

“நேத்து ஒண்ணு கேட்டியே தணிகை, எனக்கு எப்படித் தெரியும்னு. எனக்குத் தெரியாதுப்பா. பட்டவங்களுக்குத்தான் தெரியும். ஜெயிச்சவங்க எடுத்துக்கோங்க.”

மேளம் நின்றது. தணிகை குனியவில்லை.