அம்பலம் வீசின துண்டு

ஒரு ஊர்ல ஒரு துண்டு இருந்துச்சாம்.

சிரிக்காத. எல்லாக் கதையிலயும் ராசா இருப்பான், ராணி இருப்பா. இந்தக் கதையில துண்டுதான். தோள்ல போடுவாங்கல்ல, அந்த வெள்ளைத் துண்டு. அது இருந்த ஊருக்குப் பேரு குருந்தனேந்தல். காலை நீட்டிப் படு, சொல்றேன். ம் கொட்டிக்கிட்டே வரணும், என்ன? நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஆங். அந்தச் சீமையில ஆறு கிடையாது, அருவி கிடையாது. மழை பெஞ்சா உண்டு, இல்லன்னா இல்ல. அதனால எந்தக் காலத்துலயோ இருந்த சனங்க மண்ணை வெட்டி, தலையில சுமந்து, நீளமா ஒரு கரை போட்டு, பெரிய கண்மாய் ஒண்ணை உண்டாக்கினாங்க. கரைக்கு இந்தக் கோடியில குருந்தனேந்தல். அந்தக் கோடியில ஓலைக்குடி. ரெண்டு ஊருக்கும் அந்த ஒரே தண்ணிதான். இங்க பொறந்த பொண்ணுகளை அங்க கட்டிக் குடுப்பாங்க, அங்க பொறந்ததுகளை இங்க கொண்டாருவாங்க. அதனால இந்த ஊரு ஆம்பளைக்கு அந்த ஊரு ஆம்பளை மச்சான், இல்லன்னா மாமன்.

அப்புறம், அறுப்பெல்லாம் முடிஞ்சு, கோடை வந்து, கண்மாய்த் தண்ணி இடுப்பளவுக்கு வத்தினதும் மீன்பிடி வரும். ரெண்டு ஊரு சனமும் கரையில வந்து நிக்கும். ஆளுக்கொரு ஊத்தா வச்சிருப்பாங்க. ஊத்தான்னா அடியில்லாத மூங்கில் கூடை. தண்ணிக்குள்ள சரக்குன்னு குத்தி, மேல்வாய் வழியா கையை விட்டுத் துழாவினா, உள்ள மாட்டின மீன் பொளக் பொளக்குன்னு துள்ளும். பிடிக்கிற மீனை யாரும் விக்கக்கூடாது. வீட்டுல குழம்பு வைக்கணும், வந்த சொந்தக்காரங்களுக்கு ஊத்தணும். அதுதான் வழக்கம்.

ஆனா அம்பலம் துண்டை வீசுற வரைக்கும் ஒரு கால் தண்ணியில படக்கூடாது. அம்பலம்னா ஊருக்குப் பெரியவரு, குருந்தனேந்தல்காரரு. அவரு அய்யனாரைக் கும்பிட்டு, தேங்காய் உடைச்சு, தோள்ல கிடக்கிற துண்டை எடுத்துத் தலைக்கு மேல ஒரு வீசு வீசுவாரு. வீசினதுதான் தெரியும். திமுதிமுதிமுன்னு அத்தனை சனமும் கண்மாய்க்குள்ள.

"ம்."

இப்படி நல்லாப் போயிட்டு இருக்கையில, ஒரு வருசம் மடையைத் திறக்கிறதுல ரெண்டு ஊருக்கும் வாய்த்தகராறு. அப்போ அம்பலமா இருந்தவருக்கு மூக்கு மேல கோவம். அந்த வருசம் மீன்பிடியில, ஓலைக்குடிச் சனம் கரை மேல நடந்து வந்துக்கிட்டு இருக்கிறதைப் பாத்துக்கிட்டே, வேணும்னே துண்டை வீசிட்டாரு. அவங்க வந்து சேர்றதுக்குள்ள இங்க பாதி மீனைப் பிடிச்சாச்சு. வந்தவங்க ஊத்தாவைத் திருப்பித் தலையில கவுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

அந்த நாளோட போச்சு. கொடுக்கல் இல்ல, கொள்ளல் இல்ல. அங்க கட்டிக் குடுத்த பொண்ணு இங்க வரக்கூடாது. இங்க வந்தது அங்க போகக்கூடாது. அந்தக் கோவக்கார அம்பலத்தோட சொந்த மகளே ஓலைக்குடியிலதான் வாழ்ந்தா. அவ பேரு பஞ்சவர்ணம். அவளையும்தான் சேத்து அறுத்து விட்டுட்டாரு மனுசன்.

அப்புறம் அவரும் காலமானாரு. அவரு மகன் வயிரவன் அம்பலமானாரு. இந்த வயிரவன் இருக்காரே, அப்பனுக்கு நேர் எதிரு. எதையும் புரட்டிப் புரட்டி யோசிக்கலன்னா அவருக்குச் சோறு இறங்காது. செருப்பைப் போட்டுட்டு, இடது காலை முதல்ல போட்டோமா வலது காலைப் போட்டோமான்னு வாசல்ல நின்னு யோசிப்பாரு.

அவருக்கு ஒரே ஒரு ஏக்கம். தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கு ஒரு மக இருந்தா. வள்ளிக்கண்ணுன்னு பேரு. கிட்டத்தட்ட உன் வயசு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே காது குத்தணும்? மாமன்தான் கரைக்கு இந்தப் பக்கம் கிடக்காரே. அதனால அந்தப் புள்ள இன்னும் மொட்டைக் காதோட திரிஞ்சுச்சு. மத்த புள்ளைங்க "ஏ மொட்டைக்காதி, உன் மாமன் எங்கடி"ன்னு கேலி பண்ணும். இது வயிரவன் காதுக்கு வந்துச்சு. ஒரு வாய் சோறு இறங்கல.

அவரே கரை வழியா நடந்து போயி, ஓலைக்குடிப் பெரியவர் சேவுகன் வீட்டு வாசல்ல நின்னாரு.

"இந்த வருசம் மீன்பிடிக்கு நீங்க வரணும்."

"எதுக்கு, நீ வீசறதை வேடிக்கை பாக்கவா?"

"நீங்க வர்ற வரைக்கும் வீசமாட்டேன்."

"உங்கப்பனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்."

"எங்கப்பா அப்படிச் சொன்னதே இல்ல. அவரு சொல்லாமத்தான் வீசினாரு."

சேவுகனுக்குச் சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டாரு. "சரி. எங்க ஆளுக அய்யனார் கோயில் வேப்பமர நிழல்ல கால் வைக்கணும். அதுக்கு முந்தி அந்தத் துண்டு அசைஞ்சுச்சுன்னா, உங்க ஊரும் எங்க ஊரும் இதோட சரி."

"ம்... அப்புறம்?"

அப்புறம் மீன்பிடி நாளு வந்துச்சு. பொலபொலன்னு விடிஞ்சது. குருந்தனேந்தல் முழுக்கக் கரையில நிக்குது. வயிரவன் சலவைக்குப் போட்டு வாங்கின வெள்ளை வேட்டி கட்டி, தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு வேப்பமரத்துக்கிட்ட நிக்கிறாரு. தூரத்துல, கரையோட அந்தக் கோடியில, எறும்பு வரிசை மாதிரி ஓலைக்குடிச் சனம் வருது. வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. சேவுகன் வேணும்னே ஆமை மாதிரி நடக்கிறாரு. பாப்போம், இவன் பொறுக்கிறானான்னு.

அப்போ ஒரு ஈ வந்துச்சு. ஙொய்ய்ய்ன்னு சுத்தி வந்து, வயிரவன் மூக்கு நுனியில குந்துச்சு. கை தன்னால துண்டுக்குப் போச்சு. சடார்னு நிறுத்திக்கிட்டாரு. துண்டால ஈ விரட்டினா சனம் குதிச்சிரும்ல? மூக்கைச் சுழிச்சாரு, போகல. உதட்டைக் குவிச்சு ப்பூ ப்பூன்னு ஊதினாரு, போகல. ஈ சாவகாசமா மூக்குல இருந்து நெத்திக்கு நடந்து, அந்தப் பக்கமா இறங்கி, அதுக்கா எப்போ தோணுச்சோ அப்போதான் போச்சு.

"ஹி ஹி."

ம் சொல்லணும், ஹி ஹி இல்ல. அப்புறம் ஒரு வெள்ளாடு வந்துச்சு. பின்னாடி வந்து, தொங்குற துண்டோட முனையை வாயில கவ்வி சவுக் சவுக்குன்னு மெல்லுது. இழுக்குது. துண்டு தோள்ல இருந்து நழுவுது. சனமெல்லாம் ஊத்தாவைத் தூக்கிக்கிட்டு ஒரு காலை முன்னால வச்சிருச்சு. வயிரவன் தாடையை மார்ல அழுத்தி, துண்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "யாராச்சும் இந்த ஆட்டைப் பிடிங்களேன்"னு வாய் அசையாமச் சொன்னாரு. ராக்குன்னு ஒரு கிழவி, முழங்கால் வரைக்கும் சேலையைச் சொருகிக்கிட்டு நின்னவ, ஆட்டு முதுகுல ஒண்ணு போட்டு விரட்டினா.

"அம்பலம், சீக்கிரம் வீசுங்க. மீனெல்லாம் கிழடாகிரும்."

"பொறு ராக்கு. உன் மகளும் அந்த ஊர்லதான இருக்கா. அவ வர்றா."

ராக்கு கரையோட அந்தக் கோடியை எட்டி எட்டிப் பாத்தா.

இப்போ ஓலைக்குடிச் சனம் கிட்ட வந்திருச்சு. முகம் தெரியிற தூரம். இன்னும் கொஞ்சம் நடந்தா வேப்பமர நிழலு. முன்னால யாரு வர்றா? பஞ்சவர்ணம். போறப்போ பொண்ணாப் போனவளுக்கு, இப்போ ரெண்டு பக்கமும் நரை எட்டிப் பாக்குது. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னப் புள்ள. மொட்டைக் காது. அந்தப் புள்ள இவரைப் பாத்துச்சு. அம்மாகிட்ட ஏதோ கேட்டுச்சு. அம்மா ஆமான்னு தலையாட்டினா. உடனே அந்தப் புள்ள, பல்லெல்லாம் தெரிய, கையைத் தூக்கி ஆட்டுச்சு.

வயிரவன் என்ன பண்ணினாரு?

"என்ன பண்ணினாரு?"

அவரும் ஆட்டினாரு. துண்டோட.

திமுதிமுதிமுதிமு. அத்தனை சனமும் கண்மாய்க்குள்ள. சளப்பு சளப்புன்னு தண்ணி ஆளுயரம் எழும்புது. "நில்லுங்க, நில்லுங்க"ன்னு வயிரவன் கத்தறாரு, யாருக்குக் கேக்கும்? நிறுத்தச் சொல்லித் துண்டைப் பலமா வீசினாரு. அதைப் பாத்து, கரையில மிச்சம் சொச்சம் நின்னதும் குதிச்சிருச்சு. இறங்கறதுக்குத்தானே அங்க துண்டு? ஏறறதுக்குன்னு ஒண்ணை யாரும் கண்டுபிடிக்கவே இல்லையே.

ஓலைக்குடிச் சனம் நின்ன இடத்துலயே நின்னுபோச்சு. நிழலுக்கும் அவங்களுக்கும் பத்துப் பதினஞ்சு அடிதான் இருக்கும். சேவுகன் மெதுவாத் தன் ஊத்தாவைத் திருப்பினாரு. "அப்பன் வேணும்னு வீசினான். மகன் தெரியாம வீசினானாக்கும். வாங்க போவோம்."

வயிரவன் தன் கையைப் பாத்தாரு. இது என் கைதானா, இல்ல அப்பா கையாங்கிற மாதிரி பாத்தாரு. வழக்கமா அவரு யோசிக்க ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிரும். அன்னைக்கு யோசிக்கல. வேட்டியைக்கூட மடிச்சுக் கட்டாம, சலவை வேட்டியோட, தபக்குன்னு கண்மாய்க்குள்ள இறங்கிட்டாரு.

அம்பலம் கண்மாயில இறங்கி யாரும் பாத்ததில்ல. பக்கத்துல நின்னவன் குத்தின ஊத்தாவோட அப்படியே நின்னான். அவனைப் பாத்து அடுத்தவன் நின்னான். கொஞ்ச நேரத்துல கண்மாயே கப்சிப்புன்னு ஆயிருச்சு. இடுப்பு வரைக்கும் சேறு, தாடியில பாசி, நடுவுல நின்னுக்கிட்டு வயிரவன் சொன்னாரு: "தப்பு என்னோடது. என் மருமகளைப் பாத்ததும் கையை ஆட்டிட்டேன். பிடிச்ச மீனையெல்லாம் விட்டுட்டுக் கரை ஏறுங்க."

யாரும் அசையல. பிடிச்ச மீனை விடறதாவது. ராக்குக் கிழவி கையில கை நீளத்துக்கு ஒரு விரால், பளபளன்னு. "அம்பலம், நான் கட்டை விரல் அகலத்துக்குக் கெண்டை பிடிச்சே கிழவியானவ. பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் ஒரு விரால் மாட்டியிருக்கு."

"தெரியும் ராக்கு."

ராக்கு விராலைப் பாத்தா. கரையில திரும்பி நடக்கப் போற கூட்டத்தைப் பாத்தா. அதுக்குள்ள அவ மக நின்னுக்கிட்டு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, தன் அம்மாவையே பாத்துக்கிட்டு இருந்தா. "போ சனியனே"ன்னு சொல்லி ராக்கு கையைத் திறந்தா. பொளக். விரால் போயிருச்சு.

அப்புறம் ஒவ்வொருத்தரா விட்டாங்க. பொளக், பொளக், பொளக். கெளுத்தி போச்சு, குரவை போச்சு, கெண்டை போச்சு. எல்லாரும் சேறு சொட்டக் கரை ஏறி வரிசையா நின்னாங்க.

சேவுகன் ஊத்தாவைக் கீழ வச்சாரு. "நானும் ஒண்ணு சொல்லிடறேன். விறுவிறுன்னு நடந்திருந்தா நாங்க எப்பவோ நிழலுக்கு வந்திருப்போம். வேணும்னேதான் மெல்ல நடந்தேன்." அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "தாடியில பாசி இருக்கு மச்சான்"னாரு.

மச்சான்னு சொன்னாருல்ல, அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருசம்.

"ம்..."

சரி, இப்போ யாரு துண்டை வீசறது? "என் கையை நானே நம்பமாட்டேன்"னாரு வயிரவன். "நான் வீசினா உங்க ஆளுக சும்மா இருப்பாங்களா?"ன்னாரு சேவுகன். 

அப்போ ராக்கு சொன்னா: "ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரு கை இங்கதான நிக்குது? பொறந்தது இங்க, பொழைக்கிறது அங்க. அது யாருக்கு ஓரவஞ்சனை பண்ணப் போகுது?"

எல்லாரும் பஞ்சவர்ணத்தைப் பாத்தாங்க. வயிரவன் சேத்துல ஊறின துண்டைப் பிழிஞ்சு அவ கையில குடுத்தாரு.

"அண்ணே, என்னைப் பாத்து ஆட்டலையா நீ? என் மகளைப் பாத்துத்தான் ஆட்டினியா?"

"உன்னைப் பாத்திருந்தா அழுதிருப்பேன் ஆத்தா. அதான் புள்ளையைப் பாத்தேன்."

அவ சிரிச்சுக்கிட்டே, கண்ணைத் துடைச்சுக்கிட்டே, எல்லாரும் நிழல்ல நிக்கிறாங்களான்னு ஒரு தரம் பாத்துட்டு, துண்டைத் தலைக்கு மேல வீசினா. ஈரத்துண்டு படார்னுச்சு. திமுதிமுதிமு. ரெண்டு ஊரும் ஒண்ணா.

முன்னாடியே கலக்கி விட்ட தண்ணியா, மீனெல்லாம் மூச்சு முட்டி மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. அந்த வருசம் பிடிச்ச மாதிரி மீனு எந்த வருசமும் பிடிக்கல. ராக்கு விட்ட விரால் இருக்கே, அது அவ மாப்பிள்ளை ஊத்தாவுல போயி மாட்டுச்சு. அதை வாழைநார்ல கோத்து எடுத்துக்கிட்டு மாமியார் வீட்டுக்கே வந்தான். "இது என் மீனுடா"ன்னா ராக்கு. "பேரு எழுதியிருக்கா அத்தை?"ன்னான் அவன். ரெண்டு பேரும் சேந்தே தின்னாங்க.

சாயங்காலம், கருவேலங்குச்சிப் புகையும் மீன்குழம்பு வாசமும் ஊரெல்லாம். ஆசாரியைக் கூட்டியாந்து, சேத்து வேட்டியை மாத்தக்கூட விடாம, வயிரவன் மடியில வள்ளிக்கண்ணை உக்கார வச்சுக் காது குத்தினாங்க. ஒரே ஒரு கத்தல். வாயில ஒரு துண்டு வறுத்த கெளுத்தியை வச்சாங்க, கத்தல் நின்னுபோச்சு. மாமன்தான் விசும்பிக்கிட்டே இருந்தாரு.

அந்த நாள்ல இருந்து அந்தக் கண்மாயில அம்பலம் துண்டு வீசறதில்ல. இங்க பொறந்து அங்க வாழ்க்கைப்பட்ட பொண்ணு ஒருத்திதான் வருசா வருசம் வீசறா. துண்டு எத்தனையோ மாறிருச்சு. ஆனா புதுத் துண்டு எடுத்தாலும், அதைக் கண்மாய்ச் சேத்துல ஒரு தரம் முக்கிட்டுத்தான் குடுப்பாங்க.

வெளியில கொடியில பழுப்பா ஒரு துண்டு காயுதுல்ல? நீகூட, அதை ஏன் துவைக்கலன்னு கேட்டியே. நாளைக்கு அதை வீசப் போறது யாரு தெரியுமா? உங்கம்மா. அதுக்குத்தான் உன்னையும் கூட்டிக்கிட்டு ஓலைக்குடியில இருந்து வந்திருக்கா.

அதனால ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நாளைக்குக் கரையில நிக்கறப்போ ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்க. உங்கம்மாவைப் பாத்து மட்டும் கையை ஆட்டிராத. கேட்டுச்சா?

ம் சொல்லு.

சரி, சொல்ல வேணாம். கதை கரை ஏறிருச்சு. நீ உறக்கத்துல இறங்கு.