ஜெபத்தில் கண் திறந்த மூவர்

கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகையால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

ஒரு சிற்றூரில், தேவாலயத்தை ஒட்டி ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளி. அங்கே ஒன்றாம் வகுப்புக்கு ஜெபக்கனி டீச்சர். பிள்ளைகளுக்கு அ, ஆ வருவதற்கு முன்னால் நன்றி சொல்ல வரவேண்டும் என்பது அவருடைய கட்சி. மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் கைகூப்பிக் கண்ணை மூடவேண்டும். டீச்சரும் மூடிக்கொள்வார், அதுவும் இறுக்கமாக. ஆமென் சொல்லும்வரை கூரையே இடிந்து விழுந்தாலும் திறக்கமாட்டார்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நெருங்கிய மாதத்தில் அவர் ஒரு போட்டி வைத்தார். பண்டிகையன்று காணிக்கை ஊர்வலத்தில் முதல் கூடையை ஏந்திப்போக ஒரு பிள்ளை வேண்டும். மாதம் முழுவதும் ஜெபத்தில் கண் திறக்காத பிள்ளைக்கே அந்தக் கூடை. "யாராச்சும் கண்ணத் தொறந்தா எங்கிட்ட வந்து சொல்லணும்" என்றும் சொல்லிவைத்தார். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டி என்றால் சும்மாவா? ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு, கடைசி வாரத்தில் மூன்றே பேர் மிஞ்சினார்கள். முன்வரிசையில் எப்சிபா. பின்வரிசையில் கெசியாவும் ரூபனும்.

ரூபனுக்கு அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். அவன் டப்பாவில் என்றைக்கும் மோர்ச்சோறும் உப்பும்தான். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு அதிசயம் நடந்துவந்தது. ஜெபம் முடிந்து கண் திறந்தால் சோற்றின்மேல் ஒரு அவித்த முட்டை இருக்கும்! "தேங்க்யூ இயேசப்பா!" என்று அவன் மேலே பார்த்துக் கத்துவான். அது டீச்சரின் காதிலும் விழும். 'மோர்ச்சோற்றுக்கே இப்படி நன்றி சொல்கிறானே இந்தப் பிள்ளை' என்று பூரித்துப்போய், தன் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

அதே நாட்களில் கெசியாவின் அம்மா பள்ளி வாசலில் டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மாயம் பண்ணீங்க டீச்சர்? முட்டைன்னாலே ஓடிப்போற புள்ள, இப்ப தெனமும் டப்பாவக் காலி பண்ணிட்டு வாரா! பொரிச்ச மீனுக்குத்தான் உயிர விடுவா. முட்டையும் திங்க வச்சிட்டீங்களே!" என்றாள். பிள்ளைதான் கூடை தூக்கப்போகிறாள் என்று அவளுக்கு வெள்ளைக் கவுன்கூடத் தைத்தாகிவிட்டதாம்.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. டீச்சர் ஆமென் சொல்லி முடித்ததுதான் தாமதம், எப்சிபா எழுந்துவிட்டாள்.

"டீச்சர், கெசியா கண்ணத் தொறந்துட்டா!"

"தொறந்தியா கெசியா?"

"ஆமா டீச்சர்."

"எதுக்கும்மா?"

கெசியாவின் கண் நிரம்பிக்கொண்டு வந்தது. டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் சட்டம் சட்டம்தானே. "அப்ப உனக்குக் கூடை கெடையாது" என்று சொல்லி முடிப்பதற்குள் ரூபன் எழுந்து நின்றான்.

"நானும் தொறந்தேன் டீச்சர். தெனமும் இயேசப்பாதான் முட்ட வைக்காருன்னு நெனச்சேன். நேர்ல பாத்து தேங்க்ஸ் சொல்லணும்னு இன்னைக்கி லேசாத் தொறந்து பாத்தேன். கெசியாதான் வச்சா."

அவன் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். மோர்ச்சோற்றின்மேல் அன்றைக்கு முட்டை இல்லை. பெரிய பொரித்த மீன் துண்டு ஒன்று இருந்தது. அந்த டப்பாவுக்குள் டீச்சர் எட்டிப்பார்த்தது அதுதான் முதல் தடவை.

டீச்சர் மெல்லத் திரும்பினார். "எப்சிபா, முன்னால உக்காந்திருக்க உனக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

எப்சிபாவின் உதடு பிதுங்கியது. "நீங்கதான டீச்சர் பாத்துச் சொல்லணும்னு சொன்னீங்க" என்று அழுதுவிட்டாள். அவள் சொன்னதிலும் பொய் இல்லை, பாவம்.

கொடுப்பதற்காக ஒருத்தி கண் திறந்தாள். நன்றி சொல்லவேண்டிய ஆள் யார் என்று பார்க்க ஒருவன் திறந்தான். டீச்சர் சொன்னபடி கேட்பதாக நினைத்து இன்னொருத்தி திறந்தாள். கூடையோ ஒன்றுதான். சொல்லுங்கள், அதை யார் கையில் கொடுப்பது சரி?

விடை: சட்டப்படி பார்த்தால் கூடை டீச்சருக்குத்தான் போகவேண்டும், மாதம் முழுவதும் கண் திறக்காதவர் அவர் ஒருவரே. ஆனால் பசித்த பிள்ளையின் டப்பாவைப் பார்க்காமலிருந்ததற்கா பரிசு? கெசியாவுக்கு என்று சொன்னவர்கள் அவள் அம்மாவின் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். முட்டை அவளுக்கு வேண்டாதது, நைசாகத் தள்ளிவிட்டாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான், இருந்தாலும் கதையில் பார்த்தாகவேண்டும். கொடுத்துப் பழகிய அந்தக் கை வெள்ளிக்கிழமை உயிரான மீனையும் கொடுத்துவிட்டதே, அது நிஜமான கொடை. ரூபனோ வாயை மூடிக்கொண்டிருந்தால் கூடைக்கு இன்னும் நெருங்கியிருப்பான். இயேசப்பா தனக்கென்று தினமும் வந்துபோகிறார் என்ற சந்தோஷமும் அவனுடன் இருந்திருக்கும். கெசியா அழக்கூடாது என்பதற்காக இரண்டையும் விட்டுவிட்டு, தன் வெறும் மோர்ச்சோற்று டப்பாவை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான். நன்றிக்கான பண்டிகையில் கூடை அவனுக்கே என்று டீச்சர் தீர்த்தார், எனக்கும் அதுவே சரி. கூடையில் வைக்க அவன் வீட்டில் ஒன்றும் இல்லை. கெசியா ஓடிப்போய் வீட்டிலிருந்த முட்டையெல்லாம் கொண்டுவந்து நிரப்பினாள், அதில் அவளுக்கு இரட்டிப்பு சந்தோஷம். திங்கட்கிழமை மதிய ஜெபத்தில் டீச்சர் கண்ணை மூடவில்லை, ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார். எப்சிபா அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.