ரசத்துக்குச் சோறு

“சாமி, இந்த அம்மா என் உயிரை வாங்குறாங்க” என்றார் அருளாளன்.

அருளாளன் மடத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மடத்துத் தலைவரான சாமிக்குப் பதினைந்து வருடச் சீடர். பக்கத்தில் நின்ற மரகதம், அவர் வகுப்பில் படிக்கும் குயிலியின் தாய்.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்று சாமி கேட்டார்.

“குடுக்குற கணக்கையெல்லாம் என் பொண்ணு பத்து நிமிஷத்துல போட்டுடுறா சாமி. அப்புறம் பீரியட் முடியுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. வேற கணக்கு குடுங்கன்னு சாரை மூணு தடவை கேட்டுட்டேன். இப்ப பள்ளிக்கூடமே வேண்டாங்குறா.”

“நாப்பது பிள்ளைங்க சாமி. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஒருத்திக்கு மட்டும் தனியா குடுத்தா நியாயமா?” என்றார் வாத்தியார்.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது.

“மரகதம், இன்னைக்கு நீ பரிமாறும்மா. ஆனா நான் சொல்லாம யாருக்கும் ரசத்துக்குச் சோறு போடாதே.”

பந்தி உட்கார்ந்தது. அருளாளன் சாப்பாட்டில் சூரர். பக்கத்து இலைக்காரர் பிசைந்து முடிப்பதற்குள் இவருடைய சாம்பார் சோறு காலி.

“ரசத்துக்குப் போடும்மா” என்றார்.

மரகதம் சாமியைப் பார்த்தாள்.

“எல்லாரும் முடிக்கட்டும்” என்றார் சாமி.

வாத்தியார் காத்திருந்தார். பக்கத்து இலைக்காரர் முருங்கைக்காயை ஆற அமரச் சப்பிக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குக் கை காய்ந்தது. பசியில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சாமி இது! ஒண்ணா உக்காரணும், ஒண்ணா எழுந்திரிக்கணும், சரி. பரிமாறுறது அவங்கவங்க இலையைப் பார்த்துத்தானே?”

“அப்படியா?” என்றார் சாமி.

வாத்தியாருக்குக் காது வரைக்கும் வெட்கம் ஏறியது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர்தான்.

சாமி தலையசைத்தார். மரகதம் ஓடி வந்து சோற்றைப் போட்டாள்.

வாத்தியார் அதில் குழி பறிக்கக்கூட மறந்து நிமிர்ந்தார்.

“ஏம்மா, குயிலிக்கு எதுவரைக்கும் கணக்கு வரும்?”

“எனக்கு எங்க சார் தெரியும்?” என்று மரகதம் சிரித்தாள். “நீங்க குடுத்துப் பார்த்தாத்தானே!”