அன்னக்கொடியின் சம்பளம்

"தர்மம் பண்றவனை ஊர் ஏன் சாமி இப்படித் தூத்துது?" என்று தெய்வநாயகம் கேட்டார்.

கேட்டவருக்கு அறுபது வயது. கீழரத வீதியில் பெரிய ஹோட்டலுக்கு முதலாளி. கல்மடத்துச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சீடர் சீடர்தான். மடத்துக்கு வந்தால் தெய்வநாயகம் தரையில்தான் உட்காருவார்.

அவரைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காக்கைக்கு வைக்காமல் சாப்பிட மாட்டார். அமாவாசைதோறும் மடத்து வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவார். சாமியின் மத்தியானச் சாப்பாடு அவர் ஹோட்டலிலிருந்துதான் தூக்குவாளியில் போகும். ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் சித்திரையிலிருந்து சம்பளம் போடவில்லை. அந்தப் பணம் ஹோட்டலை ஒட்டி அன்னதான மண்டபமாக எழும்பிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குச் சாமியின் பெயரைத்தான் வைக்கப் போகிறார்.

ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள். மண்டபம் முடியட்டும், சேர்த்துத் தருகிறேன் என்றார். புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். அதுதான் கொடுமை.

ஆவணியில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஹோட்டலுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். தெய்வநாயகம் இரண்டு வெளியாட்களை வைத்து அடுப்பை எரியவிட்டார். தெருக்காரர்கள் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பூக்கட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், வளையல் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, சம்பளம் வருகிறவரை அந்த ஹோட்டலில் கை நனைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பால்காரர் பால் ஊற்றுவதை நிறுத்தினார். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்கள்கூடப் பந்தலைப் பார்த்துவிட்டு வேறு கடை தேடிப் போனார்கள்.

இதையெல்லாம் சொல்லித்தான் தெய்வநாயகம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மண்டபம் திறப்பு எப்போ?" என்றார் சாமி.

"புரட்டாசி அமாவாசைக்கு. நீங்க வந்து முதல் இலையில உக்காரணும் சாமி."

"வர்றேன்."

தெய்வநாயகம் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சாமி வருகிறார் என்ற செய்தி பந்தலுக்கு எட்டியதும் அங்கே பேச்சு அடங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேர் சாமி சொல்லைத் தட்டாதவர்கள். அவரே வந்து சாப்பிட்டுவிட்டால் தெருவின் கட்டுப்பாடு அன்று சாயங்காலத்துக்குள் உடைந்துவிடும். தோசை மாஸ்டர் இருளப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். பந்தலை நடத்துகிறவன் அவன்தான். மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னானே தவிர அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தலிலேயே குடியிருந்தவள் அன்னக்கொடி. ஹோட்டலில் இலை எடுக்கிறவள். கல்யாணம் ஆன வருஷமே புருஷன் செத்துப்போனான், பிள்ளை இல்லை, சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. தெய்வநாயகத்தின் தகப்பனார் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். வாடகை நின்றுபோனதால் வீட்டுக்காரர் அவள் பாயையும் பானையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டார். தன் சம்பளம் கைக்கு வந்தால் பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத் தவிர வேறு ஆசை எதையும் அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அமாவாசையன்று சாமி வந்தார். பந்தலைத் தாண்டித்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். போனார். இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவாழை இலை போட்டுப் பாயசம் வரை பரிமாறியாயிற்று. பந்தியில் சாமி கை வைக்காமல் மற்றவர்கள் கை வைப்பதில்லை, அவர் எழுந்திருக்காமல் எழுந்திருப்பதும் இல்லை. அது அந்த ஊர் வழக்கம்.

சாமி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

தெய்வநாயகம் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏதாவது குறை இருக்கா சாமி?"

"சமையல் யாரு?"

"மதுரையிலேருந்து ஆள் வரவழைச்சேன்."

"அவங்களுக்குக் கூலி?"

"முழுசா முன்னாடியே வச்சாத்தான் அடுப்பு பத்த வைப்போம்னுட்டாங்க. குடுத்துட்டேன்."

பந்தியில் யாரோ இருமினார்கள். சிரிப்பாகவும் இருக்கலாம்.

"நான் சாப்பிட்டா இந்த இலையை யாரு எடுப்பா?" என்றார் சாமி.

தெய்வநாயகத்தின் முகம் மலர்ந்தது. குருவின் இலையை எடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். "நான் எடுக்கறேன் சாமி. அது என் பாக்கியம்."

"எல்லா இலையையுமா?"

தெய்வநாயகம் பந்தியைத் திரும்பிப் பார்த்தார். வரிசை வாசல் வரை போயிருந்தது. சாமி எதைக் கேட்கிறார் என்று யோசித்தார். யோசித்து, தனக்குத் தெரிந்த வழியில்தான் புரிந்துகொண்டார். வெளியே இருக்கிறவர்கள் பசியோடு இருக்கும்போது சாமி எப்படிச் சாப்பிடுவார் என்று தோன்றிவிட்டது. கண்கூடக் கலங்கியது. ஒரு இலையில் எல்லாப் பதார்த்தமும் வைத்துத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனார். நேராக அன்னக்கொடி முன்னால் வைத்தார்.

அவள் இலையைத் தொடவில்லை.

"சாப்பிடு. உனக்குத்தான் முதல்ல. சாமியே இன்னும் கை நனைக்கலை," என்றார்.

"நான் சோத்துக்கு உக்காரலை முதலாளி. என் சம்பளத்தைக் குடுங்க. நானே வாங்கித் தின்னுக்கறேன்."

"அன்னத்தை வேண்டாங்காதே. பாவம் வரும்."

"வந்தா வரட்டும்," என்றாள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தெய்வநாயகம் இலையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கோபத்தில் சாம்பார் வேட்டியில் வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"போட்டாலும் வாங்க மாட்டேங்கறாங்க சாமி. திமிர். நான் வேற என்னதான் செய்ய?"

சாமி எழுந்துவிட்டார். வழக்கம் வழக்கம்தான், பந்தி முழுதும் எழுந்தது. ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போகவில்லை. பெரிய மனிதர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பசியோடு வீட்டுக்குப் போனார்கள்.

சாமி பந்தலைக் கடக்கும்போது எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். அன்னக்கொடி மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"இன்னைக்குச் சாப்பிடாம எந்திரிச்சு வந்தீங்க, சரி. சித்திரையிலேருந்து சாப்பிட்டீங்களே சாமி, அது?"

இருளப்பன் பதறிப்போய் அவளை அடக்கப் பார்த்தான். சாமி அவனைக் கையமர்த்தினார். மறுநாள் தூக்குவாளி வந்தபோது திருப்பி அனுப்பினார். அதன் பிறகு தெருவில் வீட்டுக்கு ஒரு கவளம் என்று வாங்கிச் சாப்பிட்டார். அதுவும் கிடைத்த அன்றுதான்.

இவ்வளவு நடந்த பிறகாவது தெய்வநாயகம் மனம் இளகியிருக்கலாம். இளகவில்லை. ஊர் நடுவில் மானம் போய்விட்டது என்ற வீம்பு வந்துவிட்டது. இப்போது கொடுத்தால் பயந்து கொடுத்தான் என்பார்கள் என்று மனைவியிடம் சொன்னார். சாமியைப் பார்க்கவும் வரவில்லை. திறப்பு நாள் போன பிறகும் வேலை முடியாத மண்டபத்துத் தரைக்குப் பளிங்குக்கல் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கீற்றுப் பந்தல் ஒழுகியது. வளையல் கடைக்காரர் தன் கடைக்குள் வந்து படுத்துக்கொள்ளச் சொல்லி அன்னக்கொடியைக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. தான் எழுந்து போனால் இடம் காலியாகிவிட்டது என்று முதலாளி நினைத்துக்கொள்வார் என்றாள். காய்ச்சல் வந்தது. இருளப்பன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ஊசி போட்டு, படுக்கை இல்லை, தரையில் இருக்கச் சொன்னார்கள். அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு பந்தலுக்கே திரும்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து விடிகாலையில் தேநீர் கொடுக்கப் போனவர்கள் அவளை எழுப்பிப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை.

தெரு பணம் போட்டுப் பாடை கட்டியது. பூக்கட்டுகிறவர்கள் மாலை கொண்டுவந்தார்கள், காசு வாங்கவில்லை. சங்கு ஊதி, தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

பிணம் போகிற தெருவில் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவது மரியாதை. எல்லாரும் இறக்கினார்கள். தெய்வநாயகமும் முறை தவறாமல் இறக்கினார்.

பாடை அவர் வாசலுக்கு வந்ததும் நின்றது. இருளப்பன் சைகை காட்ட, பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு நேர் எதிரே, ஈரத் தரையில் பாடையை இறக்கி வைத்தார்கள். சங்கு நின்றது. தெரு முழுதும் வந்து சுற்றி உட்கார்ந்தது. யாரும் கோஷம் போடவில்லை.

தெய்வநாயகம் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். "இருளப்பா, இது என்னப்பா? பிணத்தை வாசல்ல வைக்கலாமா? எடுத்துட்டுப் போங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நீங்க நிதானமா யோசிங்க முதலாளி," என்றான் இருளப்பன். "எங்களுக்கு அவசரம் இல்லை. அவளுக்கும் இனிமே அவசரம் இல்லை."

போலீஸ் வந்தது. பார்த்தது. கூட்டத்தில் பாதி பெண்கள் என்பதால் தள்ளி நின்றுகொண்டது. தூறல் விழுந்தது. ஒருத்தி முந்தானையை அன்னக்கொடியின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டாள். தெய்வநாயகத்தின் மனைவி ஹோட்டலுக்கு மேலேயிருந்த வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் நகைப் பெட்டியைக் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று வெளியே தெரியாது.

சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் சம்பளம் வந்தது. ஹோட்டல் வாசலில் மேஜை போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் ஒதுங்கினார்கள். அன்னக்கொடி பேரைக் கணக்கப்பிள்ளை பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசி ஆளும் வாங்கியதும் பாடையைத் தூக்கினார்கள்.

காரியங்கள் முடிந்து சில நாள் கழித்துத் தெய்வநாயகம் மடத்துக்கு வந்தார். வெகு நாள் கழித்து வருகிறார். தரையில் உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி," என்றார். "எல்லாருக்கும் குடுத்துட்டேன். பளிங்குக்கல்லைத் திருப்பி அனுப்பிட்டேன். ஆளுங்க வேலைக்கு வந்துட்டாங்க."

சாமி தலையசைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்." மடியிலிருந்து ஒரு கவரை எடுத்துச் சாமியின் காலடியில் வைத்தார். "அன்னக்கொடி சம்பளம். வாங்கிக்க அவளுக்கு யாரும் இல்லை. இருளப்பனைக் கேட்டேன், எங்களுக்கு வேணாம்னுட்டான். ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன் சாமி."

"சொல்லுங்க."

"இதோட என் பணத்தையும் போட்டு, அவ பேர்ல வருஷா வருஷம் அன்னதானம் பண்ணிடலாம்னு இருக்கேன். மண்டபத்துல கல்லுல அவ பேரையும் வெட்டிடலாம். முதல் இலை நீங்க உக்காரணும். அவ ஆத்மாவும் குளிரும், எனக்கும் பாரம் இறங்கும்."

சாமி கவரைப் பார்த்தார். தொடவில்லை.

"பண்ணலாமா சாமி?"

"பண்ணுங்க," என்றார் சாமி. "அந்தம்மா காசு. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க."