ஏழடி நேரமும் நிழல் மாளிகையும்

முன்னொரு காலத்திலே, கடிகாரம் என்ற ஒன்று யார் கையிலும் எந்தச் சுவரிலும் இல்லாத காலத்திலே, மஞ்சணைக்கரை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது.

கதைக்குள் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. இப்போது பெரிய ஊர்களில் டிஜிட்டல் நிழல் காட்சி வைக்கிறார்களே, குடும்பத்தோடு போய்த் திரை முன்னால் நின்று கையை உயர்த்தினால் நம் நிழலுக்குச் சிறகு முளைக்குமே, அதற்கு நானும் போயிருக்கிறேன். குதித்து ஆடியிருக்கிறேன். ஆனால் வெளியே வந்ததும் முதல் காரியமாக ஒரு வேலை செய்வேன். என்ன வேலை என்று கதை முடியும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மஞ்சணைக்கரையில் நேரம் பார்ப்பது நிழலை வைத்துத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். நிழலின் தலை எங்கே விழுகிறதோ அங்கே ஒரு கல்லைப் போட வேண்டும். பிறகு குதிகாலும் விரலும் ஒட்டும்படி அடிமேல் அடி வைத்துக் கல் வரைக்கும் எண்ண வேண்டும். அவரவர் நிழலை அவரவர் காலால் அளப்பதால் பனைமர உயரத்து ஆள் அளந்தாலும் சரி, முழங்கால் உயரத்துக் குழந்தை அளந்தாலும் சரி, எண்ணிக்கை ஒன்றாகவே வரும். பிற்பகலில் ஏழடி வந்தால் அரண்மனை மணி அடிக்கும். மேய்ச்சல் மாடு திரும்பும், தறி நிற்கும், உலை ஏறும். ஊரே அந்த மணிக்குக் கட்டுப்பட்டது.

அந்த மணியை அடிப்பவள் பெயர் வெயிலுகந்தாள். ஊரார் உகந்தா என்பார்கள். அவள் ஒருமுறை அளப்பாள், இருமுறை அளப்பாள், மூன்றாம் முறையும் அளப்பாள், பிறகுதான் நம்புவாள். உப்பு வாங்கினாலும் மூன்று முறை நக்கிப் பார்ப்பாள் என்று ஊரில் கேலி உண்டு. அவள் கணவன் சேந்தன் கயிறு திரிப்பவன், யாரையும் நம்புகிற வெள்ளை மனசுக்காரன். மகள் பிச்சிக்கு ஐந்து வயசு. எதற்கும் "அம்மா, அம்மா, அம்மா" என்று மூன்று தரம் கூப்பிட்டால்தான் அவளுக்குத் திருப்தி. தினமும் உகந்தா "ஏழடி!" என்று குரல் கொடுப்பாள். உடனே பிச்சி ஓடிவந்து, அம்மாவின் நிழல் தலையில் காலை வைத்து, அடிமேல் அடி வைத்து அம்மாவின் பாதம் வரை நடப்பாள். அவளுடைய குட்டிக் காலுக்கு அது பத்தரை அடி. பாதத்தைத் தொட்டதும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு மணிக்கயிற்றை இழுப்பாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள், ஊர் மைதானத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை முளைத்திருந்தது. மேற்கே பார்த்த ஒரே வாசல். வாசலில் தூமகேசன் என்ற மாயாவி நின்றான். முழங்கால் வரை கறுப்பு அங்கி. கையில் விரித்த குடை.

"வாருங்கள், வாருங்கள்! நிழல் மாளிகை! மூன்றே நாள்! காசு வேண்டாம், பணம் வேண்டாம், குடும்பத்தோடு வந்தால் போதும்!" என்று கூவினான்.

ஊர் திரண்டது. உள்ளே வெள்ளைச் சுவர். கையை உயர்த்தினால் நிழலுக்குச் சிறகு முளைத்தது. குதித்தால் முயல் காது வந்தது. வாயைத் திறந்தால் நிழல் மீனாகி நீந்தியது. அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் கைகோர்த்தால் மூன்று நிழலும் சேர்ந்து ஒரே யானையானது. சிரிப்புச் சத்தம் அரண்மனை வரைக்கும் கேட்டது.

உகந்தாவுக்கு மணி வேலை. சேந்தன்தான் மகளைக் கூட்டிப் போய்வந்தான்.

"அம்மா, அம்மா, அம்மா! நான் மயிலானேன்!" என்றாள் பிச்சி. "ஆனா உள்ளே எங்கேயோ கத்தரிக்கோல் சத்தம் கேட்டுச்சு. கறுக் கறுக்குன்னு."

உகந்தாவுக்குச் சுருக்கென்றது. அன்று பிற்பகல் ஏழடிக்கு மணி அடித்துவிட்டு, கணவனை வெயிலில் நிறுத்தினாள்.

"ஏங்க, அளந்து பாருங்க."

சேந்தன் அளந்தான். ஆறு. பிச்சி அளந்தாள். ஆறு. உகந்தா தன் நிழலை ஒருமுறை அளந்தாள், இருமுறை அளந்தாள், மூன்றாம் முறையும் அளந்தாள். ஏழு, ஏழு, ஏழு.

"கால் வீங்கியிருக்கும் போல," என்று சிரித்தான் சேந்தன்.

"ரெண்டு பேருக்குமா? அந்த ஆளு காசு கேக்கல, தனியா வர்றவங்களை உள்ளே விடல, குடையை மடக்கவே மாட்டேங்கிறான். எனக்கு ஒண்ணும் சரியாப் படல. இனிமே அங்கே போகாதீங்க."

"ராஜாவே ராணியோட போயிட்டு வந்திருக்காரு. உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான், உகந்தா."

இரண்டாம் நாள் ஊர் மறுபடியும் போனது. சேந்தனும் மகளின் அழுகைக்கு இரங்கிப் போனான். மாயாவியின் அங்கி கணுக்கால் வரை இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிற்பகல் ஏழடிக்கு உகந்தா மணி அடித்ததுதான் தாமதம், ஊரே அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டது.

"இப்போ மூணடிதானே ஆகுது! அதுக்குள்ளே மணியா?"

ராஜாவும் முற்றத்தில் இறங்கி அளந்து பார்த்தார். மூன்றடி. அவருக்கு முகம் சிவந்தது.

"உகந்தா, மணியை முந்தி அடித்துவிட்டாயே!"

"மகாராஜா, நேரம் முந்தல. உங்க நிழல்தான் குறைஞ்சிருக்கு. உள்ளே யாரோ வெட்டறாங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊரே மூன்று என்கிறபோது ஒருத்தி மட்டும் ஏழு என்றால் யாரை நம்புவார்கள், சொல்லுங்கள்! அந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து நிழலை நம்பி வாழ்ந்தவர்கள். நிழலே பொய் சொல்லும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ராஜா மணிக்கயிற்றை உகந்தாவிடமிருந்து வாங்கித் தன் மைத்துனரிடம் கொடுத்தார்.

உகந்தா கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவேளை நான்தான் தப்போ என்று முதல்முறையாகத் தன்னையே சந்தேகப்பட்டாள். அப்போது எதிரே புழுதி கிளம்பியது. மேய்ச்சல் மாடுகள், ஓட்டுவதற்கு ஆளே இல்லாமல், தாமாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. தினமும் வருகிற அதே நேரத்துக்கு.

"நீங்க யாரும் அந்த மாளிகைக்குப் போகலை, இல்லையா?" என்று முன்னால் வந்த பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் உகந்தா.

மூன்றாம் நாள் காலையில், அவள் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருவதற்குள் வீடு காலியாக இருந்தது. தெரு காலி. அரண்மனை காலி. மணிமேடையில்கூட ஆள் இல்லை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மாளிகைக்குள் ஊரே நின்றது. ஆனால் சிரிப்புச் சத்தம் இல்லை. நேற்றுவரை மனிதர்கள் கையை உயர்த்தினார்கள், நிழல் உயர்த்தியது. இன்று சுவரில் நிழல் கையை உயர்த்தியது, அதைப் பார்த்து மனிதர்கள் உயர்த்தினார்கள். நிழல் குனிந்தது, ராஜா குனிந்தார். நிழல் தலையாட்டியது, ராணி தலையாட்டினாள். கடைசியாக வந்ததால் சேந்தனும் பிச்சியும் வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிச்சியின் காலடியில் நிழலே இல்லை. சுவரில் இருந்த மயில் ஆட, அவள் பொம்மை மாதிரி ஆடினாள்.

வாசலில் தூமகேசன். அங்கி தரையில் புரண்டது.

"அந்தி சாய்ந்ததும் வாசல் மூடும். பிறகு இவர்கள் எல்லாரும் என் சுவரில்தான் இருப்பார்கள். மகள் வேண்டுமானால் உள்ளே வா, உகந்தா. உனக்கும் சிறகு தருகிறேன்."

உகந்தா ஒரு காலை எடுத்துவிட்டாள். பெற்றவள் அல்லவா! பிறகு காலைப் பின்னுக்கு வைத்தாள். உள்ளே போனால் தன் நிழலும் போகும். ஊரில் வெட்டுப்படாத நிழல் அவளுடையது ஒன்றுதான்.

அவள் சூரியனைப் பார்த்தாள். கிழக்கே இருந்தது. அவள் நிழல் மாளிகைக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தது. வாசலைப் பார்த்தாள். மேற்கே பார்த்த வாசல். பொழுது சாயச் சாய நிழல் எந்தப் பக்கம் நீளும் என்று அவளுக்கா தெரியாது? வாசலிலிருந்து பிச்சி நிற்கும் இடம் வரை கண்ணாலேயே அளந்தாள். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. ஏழடி.

"நான் இங்கேயே நிற்கிறேன்," என்றாள், படியில் காலை ஊன்றி.

உச்சிவேளை வந்தது. நிழல் காலுக்கடியில் சுருண்டுகொண்டது. நாக்கு வறண்டது. தூமகேசன் குடையை நீட்டினான்.

"ஏன் வெயிலில் காய்கிறாய்? இந்தக் குடைக்குள் ஒரு நிமிஷம் வா."

"உன் குடைக்குள்ள உனக்கே நிழல் இருக்கான்னு தெரியல. நான் இங்கேயே நிற்கிறேன்."

சூரியன் மேற்கே திரும்பியது. அவள் நிழல் வாசலுக்குள் எட்டிப் பார்த்தது. ஓரடி. இரண்டடி. நான்கடி. அப்போது உள்ளேயிருந்து பிச்சியின் குரல் வந்தது.

"அம்மா!"

உகந்தாவுக்கு ஓடிப்போய் அள்ளிக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. ஆனாலும் காது கொடுத்துக் கேட்டாள்.

"அம்மா!" என்று சற்றுப் பொறுத்து இன்னொருமுறை.

"என் பொண்ணு மூணு தடவை சேர்த்துக் கூப்பிடுவா. இது உன் குரல்தான். நான் இங்கேயே நிற்கிறேன்," என்றாள். சொல்லும்போது கன்னத்தில் நீர் வழிந்தது.

ஐந்தடி. ஆறடி. ஆறரை. அவள் நிழலின் தலை பிச்சியின் கால்விரலைத் தொட்டது. ஊரில் மணி அடிக்க யாரும் இல்லை. உகந்தா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தினமும் கொடுக்கிற அந்தக் குரலைக் கொடுத்தாள்.

"ஏழடி!"

சுவரில் மயில் ஆடிக்கொண்டிருந்தது. பிச்சியின் கைகளும் அதோடு ஆடின. ஆனால் கால்கள்? கால்களுக்குத் தினசரிப் பழக்கம் இருந்ததே! வலது பாதம் மெல்ல எழுந்து அம்மாவின் நிழல்மேல் இறங்கியது.

"ஒண்ணு," என்றாள் பிச்சி, தூக்கத்தில் பேசுகிறவள் போல. "ரெண்டு. மூணு."

சுவரிலிருந்து மயில் நிழல் உரிந்து, அவள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

தூமகேசன் பதறினான். "வெட்டு! அந்த நிழலை வெட்டு!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு அங்கிக்குள்ளிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தான். உகந்தாவின் நிழலை இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும், வெட்ட ஒரு கை வேண்டும். ஆத்திரத்தில் குடையைக் கீழே எறிந்துவிட்டு வாசல் வெயிலில் குனிந்தான்.

அவ்வளவுதான். மூன்று நாளில் அவன் வெட்டித் தைத்துப் போர்த்தியிருந்த நிழல் துண்டுகள் வெயில் பட்டதும் தையல் விட்டன. ராஜாவின் துண்டு ராஜாவிடம் ஓடியது. சேந்தனின் துண்டு சேந்தனிடம் ஓடியது. சுவரில் ஆடிய நிழல்களும் உரிந்து அவரவர் காலடிக்கு வந்தன. அங்கி முழுவதும் அவிழ்ந்தபோது உள்ளே ஆளே இல்லை. ஒரு கத்தரிக்கோல் மட்டும் படியில் கிடந்தது.

பிச்சி அதைத் தாண்டி நடந்து வந்தாள். "ஒன்பது. பத்து. பத்தரை." அம்மாவின் பாதத்தைத் தொட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அம்மா, அம்மா!"

உகந்தா அவளை அள்ளி எடுத்துக்கொண்டு, அரண்மனை வரைக்கும் ஓடி, மணிக்கயிற்றை இழுத்தாள். ஊரே வெளியே வந்து அளந்தது. எல்லாருக்கும் ஏழு.

ராஜா வெட்கத்தோடு மணியைத் திருப்பிக் கொடுத்து, "வேறென்ன வேண்டும், கேளம்மா," என்றார்.

"உங்க மைத்துனரை மாடு மேய்க்க அனுப்புங்க, மகாராஜா. மாடுகள் அவருக்கு நேரம் சொல்லிக் கொடுக்கட்டும்," என்றாள் உகந்தா. சேந்தன் அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில், கடையில் வாங்கி வந்த உப்பை அவனே மூன்று முறை நக்கிப் பார்த்தானாம்.

மாளிகையை இடித்துவிட்டு வெள்ளைச் சுவரை மட்டும் திறந்த வெளியில் விட்டுவைத்தார்கள். குடும்பங்கள் இன்றும் அதன் முன்னால் யானையும் முயலும் ஆகி விளையாடுகின்றன. விளையாடி முடித்ததும் செருப்பைக் கழற்றி ஒருமுறை அளந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

நான் வெளியே வந்ததும் செய்கிற வேலையும் அதுதான். நீங்களும் செய்யுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். ஓரடி குறைந்தாலும் பயப்படாதீர்கள். வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள். உங்களை நம்பி, வேறு எதையும் நம்பாமல், யாரோ ஒருத்தி வெயிலில் நின்றுகொண்டிருப்பாள். அவள் நிழல் உங்கள் காலைத் தொடும்போது நடக்கத் தொடங்குங்கள்.